தட்டில் விட்ட இருபத்தேழு கொட்டை

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ராஜேந்திரனுக்குப் பாக்கியநாதன் எண்ணூற்று ஐம்பது ரூபாய் கடன்பட்டிருந்தான். குடித்துக் கெட்ட கடன் அல்ல, சீட்டாடித் தோற்ற கடனும் அல்ல. ஊற்றுக்குச் சுவர் கட்டிய கடன்.

தலைச்சோலையிலிருந்து கீழே இறங்கும் மண்பாதையில் அரை மைல் நடந்தால் கல்லாங்காடு. முப்பத்தோரு வீடு. பாதி வீட்டில் மாதா படம், பாதி வீட்டில் முருகன் படம். தண்ணீருக்கு மட்டும் எல்லா வீட்டுக்கும் ஒரே ஊற்று. தொண்ணூறாம் வருஷத்து ஐப்பசி மழையில் மேலே இருந்த கரை சரிந்து அந்த ஊற்றை மூடிவிட்டது. மனு எழுத வேண்டும் என்றார்கள் சிலர். ஃபாதரிடம் சொல்ல வேண்டும் என்றார்கள் சிலர். பாக்கியநாதன் ஒருவரிடமும் பேசவில்லை. ரைட்டரிடம் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்துப் பணம் வாங்கினான். சேலத்தில் எட்டு மூட்டை சிமெண்ட் எடுத்து பஸ் மேல் ஏற்றி வந்து, ரோட்டிலிருந்து தலைச்சுமையாகவே இறக்கினான். கல்லை அவனே உடைத்தான், அவனே அடுக்கினான். பத்தொன்பதாம் நாள் ஊற்று இடுப்பளவு சுவருக்குள் தெளிந்து நின்றது. அந்த மலையில் கல் கட்டத் தெரிந்தவர்கள் என்று பத்துப் பேரைச் சொல்வார்கள். அதில் ஒன்பது பேர் அவன் கட்டியதைப் பார்த்துக் கற்றவர்கள்.

"ஏனுங்க, ஊட்டுக்கு முப்பது ரூவா வாங்கியிருந்தா இந்தக் கடனே இருக்காதுங்களே" என்றாள் அவன் மனைவி சாந்தாமேரி.

"முப்பது ரூவா கொடுத்தவனெல்லாம் நாளைக்கு நான்தான் கட்டுனேம்பான். பாக்கியநாதன் கட்டுனதுன்னு நிக்கோணும் புள்ளை."

"பேரு நிக்கும். வட்டியும் நிக்குமுங்க."

அவள் சொன்னபடியேதான் நடந்தது. மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. சனிக்கிழமை கூலி கொடுக்கும்போதே ரைட்டர் பிடித்துக்கொள்வான். அசல் அப்படியே இருந்தது. அப்படி இருப்பதுதான் ரைட்டருக்கும் வசதி.

பாக்கியநாதன் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அப்பன் செத்ததும் எட்டு வயதில் காப்பிப் பழம் பொறுக்க வந்தான். காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டக் கற்றான், சுவர் கட்டக் கற்றான், மூன்று சென்ட் நிலம் வாங்கி வீடு கட்டினான், பசு வாங்கினான். படித்தவன் பத்துப் பக்கம் எழுதிச் சொல்வதை அவன் பாறையைத் தட்டிப் பார்த்துச் சொல்வான். எந்த இடுக்கில் ஈரம் இருக்கிறது, அது எத்தனை மாதம் தாங்கும் என்பதெல்லாம் அவனுக்கு விரல் நுனியில் இருந்தது. அதைச் சொல்லிக்கொள்ளவும் அவன் வெட்கப்பட்டதில்லை.

கல்லாங்காட்டில் தண்ணீர் எடுப்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஊற்றை வழித்து எடுக்கக் கூடாது. எத்தனை வறட்சி வந்தாலும் அடியில் ஒரு முழம் தண்ணீரை விட்டுவிட வேண்டும். வழித்தால் அடிச்சேறு கிளம்பி ஊற்றுக்கண்ணை அடைத்துவிடும். கண் அடைத்தால் தோண்டினாலும் திரும்பி வராது. அதனால் சித்திரை மாதத்தில் வீட்டுக்கு மூன்று குடம். நான்காவது குடம் தேவைப்பட்டாலும், தண்ணீர் கண்ணுக்கு முன்னால் கிடந்தாலும் எடுக்க மாட்டார்கள். யாரும் காவல் நிற்பதில்லை. சின்னப் பெண்ணாக இருக்கும்போதே கைக்குப் பழகிப்போகும். பழகிய பிறகு அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் மாசி மாதம் கீழே சமவெளியிலிருந்து தண்ணீர் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். ஒரு புரொபசர், அவருக்குக் கீழே ஜெயகுமாரி என்கிற பெண். இருபத்தாறு வயது இருக்கும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தாள். அதனாலேயே ஊருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"நாங்க முடிவு பண்ணிட்டு வரலைங்க. நீங்க சொல்றதைத்தான் எழுதப் போறோம். தண்ணியைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்?" என்றாள்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது பாக்கியநாதனுக்கு. இத்தனை வருஷத்தில் படித்த வாய் ஒன்று அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு மலை முழுக்க நடந்தான். மாதா கோயில் வாசலில் கோலமாவால் ஓடை, பாதை, வீடு, எஸ்டேட் எல்லாவற்றையும் வரைய வைத்தாள் அவள். அவன்தான் நடுவில் நின்று, "அந்தப் பாறை அங்க இல்லீங்க அம்மிணி, கொஞ்சம் கெழக்க தள்ளுங்க" என்று திருத்தினான். ஊற்று சுரப்பதை மூன்று நாள் கடிகாரம் வைத்து, குடம் குடமாக அளந்து கொடுத்தவனும் அவன்தான். சித்திரையில், அடியில் விடுவதையும் சேர்த்து, நாளுக்கு நூற்றிருபது குடம். அந்த அளவில் ஒரு சொட்டுகூடப் பிழை கிடையாது.

சித்திரை பிறந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு விளையாட்டு வைத்தார்கள். பெரிய பித்தளைத் தட்டு. அதில் நூற்றிருபது காப்பிக்கொட்டை. ஒரு கொட்டை ஒரு குடம். ஜனங்கள் எப்படித் தண்ணீர் எடுக்கிறார்கள் என்பதை இப்படி விளையாட விட்டுப் பார்த்து, அதைக் கணக்காக்கி, வரப்போகிற வருஷங்களில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியுமாம். சீட்டுக் குலுக்கியதில் எஸ்டேட் முதலாளி வேஷம் அருக்காணிக்கு விழுந்தது. அவள் பாக்கியநாதனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, வாய் ஓயாதவள்.

"இன்னிக்கு நான் மொதலாளியாக்கும். எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க. ரைட்டரு, கொடையைப் புடிய்யா!" என்றாள் முந்தானையை உதறிக்கொண்டு.

தூணோரம் நின்ற ராஜேந்திரன் பல் தெரியாமல் சிரித்தான். அருக்காணி தட்டை நோக்கிக் கையை நீட்டினாள். சாந்தாமேரி அந்தக் கையில் ஓர் அடி போட்டாள்.

"உங்க பங்களாவுல போர்க்கெணறு இருக்குதுங்க மொதலாளி. எங்க தட்டுக்கு எதுக்கு வாரீங்க?"

கோயில் வாசலே சிரித்தது. பிறகு பெண்கள் வரிசையாக வந்து கொட்டை எடுத்தார்கள். ஒரு வீடு, மூன்று கொட்டை. முப்பத்தோரு வீடு, தொண்ணூற்று மூன்று கொட்டை. கடைசிப் பெண் எடுத்து முடித்ததும் தட்டில் இருபத்தேழு கொட்டை கிடந்தது. ஒருத்தியும் அதைத் தொடவில்லை. ஊற்றில் எப்படித் தொட மாட்டார்களோ அப்படியே தட்டிலும் தொடவில்லை. வெறும் காப்பிக்கொட்டைதானே, எடுத்தால் என்ன என்று ஒரு கைக்கும் தோன்றவில்லை.

ஜெயகுமாரி அதை எண்ணினாள். இருபத்தேழு என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் 'மீதி' என்று எழுதினாள்.

பாக்கியநாதன் அதைப் பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு அவனுக்குப் படிப்பு இருந்தது. அது மீதி இல்லை அம்மிணி என்று சொல்ல வாயைத் திறந்தான். அதே நேரம் புரொபசர் அவன் தோளில் கை வைத்தார்.

"கோடையிலயே இவ்வளவு மிஞ்சுதே! உங்க ஊத்து வத்தவே வத்தாதா?"

"நான் கட்டுன ஊத்துங்க" என்றான் பாக்கியநாதன். "வத்துற பேச்சே இல்லீங்க."

சொல்ல வந்தது உள்ளே போய்விட்டது. போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

சொல்வதற்கு ஒரு நாள் வந்தது. ஆவணி மாதம், எழுதி முடித்ததை ஊர் முன்னால் படித்துக் காட்டிச் சம்மதம் கேட்க ஆராய்ச்சிக்காரர்கள் மறுபடியும் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் ராஜேந்திரன் பாக்கியநாதனின் வீட்டுக்கு வந்தான். அதுவரை அவன் அந்தப் படி மிதித்ததில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பாக்கியநாதா, மொதலாளி ரோட்டோரமா ஒரு தொட்டி கட்டறாரு. ஊத்துல மிஞ்சுற தண்ணியை அதுல விட்டு, லாரியில ஒண்டிக்கடைப் பக்கம் ஓட்டலுகளுக்குக் கொடுக்கப் போறாரு. ஊத்து பொறம்போக்குல இருக்குது. மீதி இருக்குதுன்னு பேப்பர் இருந்தா ஆபீசுல அனுமதி கெடைக்கும். அந்தப் பேப்பரு நாளைக்கு வருது."

"அது மீதி இல்லீங்க ரைட்டரே. அது அடித்தண்ணி."

"எனக்குத் தெரியாதா? நானும் இந்த மலைத் தண்ணி குடிச்சு வளந்தவன்தான்." ராஜேந்திரன் மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினான். "நீ கம்முனு இருந்தா அசலைக் கேக்க மாட்டேன். வாயைத் தொறந்தா, வார சனிக்கெழமை அசலை வெச்சுப்போடு. இல்லீன்னா பத்தரம் எங்கிட்டத்தான இருக்குது."

அவன் போன பிறகு அடுப்படியிலிருந்து சாந்தாமேரி வெளியே வந்தாள்.

"சொல்லிப்போடுங்க. ஊடு போனாப் போவுதுங்க."

"இந்த ஊட்டுக்கு ஒவ்வொரு கல்லையும் நான் செமந்தேன்."

"ஊத்துக்குந்தான் செமந்தீங்க."

அவன் எழுந்து பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

மறுநாள் ஜெயகுமாரி நின்றுகொண்டு மாதம் மாதமாகப் படித்தாள். குரல் தெளிவாக இருந்தது. சித்திரைக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"கோடையில கூட நாளுக்கு இருபத்தேழு குடம் மீதி வருது. சரிதானுங்களா?"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மீதி என்றால் என்ன என்று அவர்களுக்கு அந்த நேரத்தில் விளங்கியதா என்பது வேறு விஷயம். அளந்தவன் பாக்கியநாதன், சுவர் கட்டியவன் பாக்கியநாதன், ஆறு மாதமாக ஊற்றைப் பற்றிப் பேசியவன் பாக்கியநாதன். எல்லாக் கண்ணும் அவன் பக்கம் திரும்பிற்று. தூணோரம் ராஜேந்திரன் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரிதானுங்களா அண்ணா?" என்றாள் ஜெயகுமாரி மறுபடியும், அவனையே பார்த்து.

"சரிதானுங்க" என்றான் பாக்கியநாதன்.

பெண்கள் பக்கத்திலிருந்து சாந்தாமேரி எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

கார்த்திகையில் மோட்டாரோடு குழாய் வந்தது. அனுமதி என்னவோ இருபத்தேழு குடத்துக்குத்தான். குழாய்க்கு எண்ணத் தெரியுமா? பாக்கியநாதன் கட்டிய சுவரின் அடிக்கல்லைப் பெயர்த்து, தரையோடு தரையாகப் பதித்தார்கள். காப்பிப் பழம் பறிக்கிற காலம் முடியும்வரை வித்தியாசம் தெரியவில்லை. பங்குனியில் தெரிந்தது. காலையில் குடத்தோடு போனால் ஊற்று வழித்துத் துடைத்த சட்டி மாதிரிக் கிடந்தது. ராத்திரியெல்லாம் குழாய் இழுத்துவிட்டிருந்தது. சேறு கிளம்பிக் கண்ணை அடைத்தது. பாக்கியநாதன் தோளளவு கையை விட்டுத் துழாவினான். மூன்று கண்ணில் இரண்டு கல் மாதிரி இறுகிவிட்டிருந்தன. சித்திரை பிறந்தபோது நாளுக்கு நாற்பது குடம்கூடத் தேறவில்லை. ஊர் அவனைத் திட்டவில்லை. அவன் வருகிற பாதையில் பேச்சை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

அருக்காணி மட்டும் ஒருநாள் வெறுங்குடத்தை அவன் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள்.

"வத்துற பேச்சே இல்லீன்னு சொன்னீங்களாம், அண்ணா. இதுக்குள்ள எட்டிப் பாத்துச் சொல்லுங்க."

பெண்கள், காப்பிப் பழத்தைத் தோலுரிக்கிற எஸ்டேட் பல்பர் வீட்டுக்குக் கீழே இருந்த பள்ளத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். பழத்தோல் கழிவு ஊறிப் புளித்த வாடை அடிக்கும் பள்ளம். துணியில் வடிகட்டி, காய்ச்சிக் குடித்தார்கள். விறகு ஈரமாக இருந்த நாளில் காய்ச்சாமலும் குடித்தார்கள். வைகாசி முதல் வாரத்தில் நான்கு வீட்டில் வாந்தியும் பேதியும் வந்தது. மூன்று பேர் பிழைத்தார்கள்.

சாந்தாமேரியைப் பாக்கியநாதன் முதுகில் சுமந்து ரோட்டுக்கு ஏற்றினான். மேலே கோடை விழா நடந்துகொண்டிருந்தது. வருகிற வண்டி எல்லாம் மலை ஏறும் வண்டி. இறங்குகிற பஸ் ஒன்று ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. கடைசி சீட்டில் அவளைப் படுக்க வைத்துத் தலையை மடியில் தாங்கிக்கொண்டான். பதினோராவது கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிட்டது. எதிரே ஏறி வந்த பஸ்ஸும் லாரியும் ஒன்றுக்கொன்று இடம் விடாமல் நின்றன. உதடு வெடித்திருந்தது அவளுக்கு.

"தண்ணி" என்றாள்.

பாக்கியநாதன் பஸ் முழுக்கக் கேட்டான். மேலே ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஒரு குடும்பம் பிளாஸ்டிக் குடுவையை நீட்டியது. ஓட்டலில் பிடித்த தண்ணீர் என்றார்கள். அது எந்த ஊற்றுத் தண்ணீர் என்று அவன் கேட்கவில்லை. இரண்டு மடக்கு உள்ளே போயிற்று, மூன்றாவது கடைவாயில் வழிந்தது. வண்டி நகர்ந்தபோது அவள் கை அவன் சட்டையை விட்டுவிட்டது. அவளை ஆஸ்பத்திரியில் இறக்கியது சாவுச் சீட்டு வாங்குவதற்குத்தான்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் பாக்கியநாதன் யாரிடமும் ஊற்றைப் பற்றிப் பேசவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், செவலைப் பசுவுக்கு மூன்று மைல் தாண்டித் தண்ணீர் காட்டினான். சனிக்கிழமை தோறும் வட்டி பிடித்தது போகக் கூலி வாங்கினான். ரைட்டர் அசலைக் கேட்கவே இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான் என்றுதான் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் தை மாதம் ஜெயகுமாரியிடமிருந்து கோயிலுக்குக் கடிதம் வந்தது. முதல் கணக்கு எப்படிப் பலித்தது என்று ஊரோடு உட்கார்ந்து பார்க்க வருகிறார்களாம். எஸ்டேட்டில் இரண்டாவது குழாய்க்கு மனு போட்டிருக்கிறார்கள், அதற்கும் இந்த ஆராய்ச்சிப் பேப்பரைத்தான் இணைத்திருக்கிறார்கள் என்று ஃபாதருக்கு உதவியாக இருந்த கோயில் பிள்ளை சொன்னார். ஊற்றில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கண். இன்னொரு குழாய் இறங்கினால் முப்பத்தோரு வீட்டுக்கும் அந்த நாற்பது குடமும் கிடையாது.

பாக்கியநாதன் மறுநாள் விடியும்போதே செவலையை ஓட்டிக்கொண்டு மாரமங்கலத்துச் சந்தைக்கு நடந்தான். மாட்டுத் தரகன் கருப்பண்ணன் பல்லைப் பிடித்துப் பார்த்தான், மடியை அமுக்கிப் பார்த்தான்.

"பால் மாடு. இதையேனுங்க விக்கறீங்க?"

"பேசறதுக்குக் காசு வேணும்."

தரகனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆயிரத்து நானூறு என்றான். பாக்கியநாதன் வாழ்நாளில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டான். சாவுச் செலவுக்கு வாங்கியிருந்த கடைக்கடன் போகக் கையில் எண்ணூற்றுச் சொச்சம் நின்றது. கூலிப் பணத்தையும் சேர்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

கூட்டம் அதே கோயில் வாசலில். ஜெயகுமாரி கொஞ்சம் இளைத்திருந்தாள். புரொபசர் வரவில்லை. ராஜேந்திரன் அதே தூணோரம். அவள் நோட்டைத் திறப்பதற்குள் பாக்கியநாதன் எழுந்து நின்றான்.

"அம்மிணி, அந்த இருபத்தேழு கொட்டை மீதி இல்லீங்க."

"என்னங்கண்ணா?"

"கோடையில நாங்க ஊத்தை வழிக்க மாட்டோமுங்க. அடியில ஒரு மொழம் விட்டுப்போடுவோம். இல்லீன்னா கண்ணு அடைச்சுக்கும். பொம்பளைங்க தட்டுலயும் அப்படியே விட்டுட்டாங்க. எல்லாருக்கும் நாலாவது கொடம் வேணும். தண்ணி பத்தலைன்னுதான் மூணோட நிறுத்தறது. நீங்க அதை எண்ணி மீதின்னு எழுதும்போதே எனக்குத் தெரியும். நீங்க படிச்சுக் காட்டிச் சரியான்னு கேட்டப்பவும் தெரியும். சரின்னு சொன்னேன்."

ஜெயகுமாரியின் முகத்தில் ரத்தம் இல்லை. "ஏனுங்கண்ணா சொல்லலை?" என்றாள். "எடுக்காம விட்டது ஏன்னு நானும் கேட்டிருக்கணும். கேக்கலை."

"கடனுங்க. அதுக்கு முன்னால வீம்பு."

"ஒன்னரை வருசம் ஆச்சுங்களா வாய் வர?" என்றாள் அருக்காணி. சத்தம் போடவில்லை. "மேரியக்கா இருக்கும்போது வந்திருக்கக் கூடாதுங்களா?"

பாக்கியநாதன் அவள் பக்கம் திரும்பினான்.

ஜெயகுமாரி நோட்டைப் புரட்டிக்கொண்டே பேசினாள். அந்தப் பேப்பர் அச்சாகிப் பல இடத்துக்குப் போய்விட்டதாம். தப்பு என்று இன்றைக்கே எழுதுவாளாம், ஊரின் கையெழுத்தோடு ஆபீசுக்கு அனுப்புவாளாம். இரண்டாவது குழாயை ஒருவேளை நிறுத்தலாம். முதல் குழாயைப் பற்றி அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அடைந்த கண்ணைத் திறக்க முடியுமா என்று அவனையே திருப்பிக் கேட்டாள்.

"முடியாதுங்க" என்றான் அவன்.

அருக்காணிதான் முதலில் போய்க் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். ராஜேந்திரன் தூணை விட்டு முன்னால் வந்தான்.

"பெரிய மனுசனாட்டம் பேசறியே பாக்கியநாதா. கடங்காரன் வாய்க்கு இத்தனை நீளமா? எல்லாரும் இருக்காங்க. எங்க, அசலு?"

கையை நீட்டினான். கொண்டு வந்திருக்க மாட்டான் என்று நினைத்துத்தான் நீட்டினான்.

பாக்கியநாதன் இடுப்பு மடிப்பை அவிழ்த்தான். மாரமங்கலத்துச் சந்தைத் தூசி படிந்த நோட்டுகள், மாட்டு வாடை அடித்தன. விரலை எச்சில் தொட்டு, ஊரே கேட்கும்படி வாய்விட்டு எண்ணினான். ஐம்பது, நூறு, நூற்றைம்பது. ஒவ்வொரு நோட்டையும் ரைட்டரின் உள்ளங்கையில் தட்டி வைத்தான். ஐந்நூறு தாண்டியதும் ராஜேந்திரன் கையை மூடப் பார்த்தான்.

"தொறந்து புடிங்க ரைட்டரே, இன்னும் முடியலை" என்றான் பாக்கியநாதன்.

அறுநூறு. எழுநூறு. ஐம்பது ரூபாய் நோட்டுகள் தீர்ந்து பத்து ரூபாய் நோட்டுகள் வந்தன. எண்ணூறு. அதற்கு மேல் கூலியில் வந்த ஐந்தும் இரண்டும், வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தவை. ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தான். எண்ணூற்று நாற்பத்தெட்டு. கடைசி இரண்டு ரூபாய் நோட்டைக் கசங்கல் போக இரண்டு விரலால் நீவி, அந்தக் கையில் வைத்தான்.